எண்ணெய்ச் செல்வமும் உயர்கல்வியும்: சிக்காகோப் பல்கலைக்கழகம் பற்றிப் புகுமுக மாணவர் அறிய வேண்டியவை

1

தனியார் பல்கலைக்கழகம் என்னும் தொடர் நமது நாட்டில் எழுப்பும் உணர்வு பெரும்பாலும் ஐயமும் எதிர்ப்புமாகும். இலவசக் கல்வியின் பயனாகப் பல்கலைக்கழக வாயிலை மிதித்த தலைமுறையினரும் அவர்தம் பிள்ளைகளும், பணத்துக்குப் பட்டம் வழங்கும் நிறுவனங்களை எதிர்த்து நின்றமைக்கு நியாயமான காரணங்கள் இருந்தன. 1981இல் ராகமையில் தொடங்கப்பெற்ற தனியார் மருத்துவக் கல்லூரிக்கு எதிராக எழுந்த போராட்டங்கள் இதற்குச் சான்று. ஆயினும் ஐக்கிய அமெரிக்காவில் தனியார் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் என வழங்கப்படுவது இவ்வகையினின்றும் வேறுபட்டதோர் அமைப்பாகும். அது பங்குதாரருக்கு இலாபம் பகிர்ந்தளிக்கும் கம்பனியன்று, அரச திணைக்களமுமன்று. பெருஞ்செல்வரின் கொடையாலும், மாணவர் செலுத்தும் கட்டணத்தாலும், அரசின் ஆராய்ச்சி மானியங்களாலும், மருத்துவமனை வருவாயாலும், மூலதனச் சந்தையிலிடப்பட்ட நிலைநிதியின் பலனாலும் இயங்கும் ஒரு கூட்டு நிறுவனம் அது. அதனை ஆளுவோர் நம்பிக்கைப் பொறுப்பாளர் சபையினராவர். அச்சபையில் வணிகரும் நிதித்துறையினரும் பெருமளவு இடம்பெறுவது வழமை.

நம்மவரிடையேயிருந்தும் ஆண்டுதோறும் சிலர் இத்தகைய பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கின்றனர். அவர்களுக்கு எளிதிற் கிடைப்பவை பல்கலைக்கழகங்கள் தாமே வெளியிடும் விளக்கக் கையேடுகளும் தரவரிசைப் பட்டியல்களுமேயாம். ஒரு நிறுவனம் எத்தகைய செல்வத்திற் பிறந்தது, அங்கு உண்மையிற் கற்பிப்போர் யாவர், கட்டணத்தின் பொருள் யாது, அது யாருடைய நிலத்தில் நிற்கின்றது என்னும் வினாக்களுக்கு இவற்றில் விடையில்லை. சிக்காகோப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இப்பல்கலைக்கழகத்தைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணங்கள் இரண்டு. தனியார் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தின் சிறப்புகளும் முரண்பாடுகளும் இங்கு மிகத் தெளிவாகப் புலப்படுகின்றன என்பது ஒன்று. தமிழ் ஆய்வுடன் அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட தொடர்பு உண்டு என்பது மற்றொன்று.

2

அமெரிக்காவின் பழைய கல்லூரிகள் பெரும்பாலும் சமயகுருமாரையும் கனவான்களையும் உருவாக்கும் பொருட்டு எழுந்தவை. ஜெர்மனியப் பல்கலைக்கழகங்களை முன்மாதிரியாகக் கொண்டு ஆராய்ச்சியை முதன்மைப்படுத்திய நிறுவனம், 1876இல் பால்டிமோரில் தோன்றிய ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகமாகும். சிக்காகோ அதன் பின் வந்தது. உள்நாட்டு யுத்தத்தின் பின்னர் புகையிரதப் பாதை, இறைச்சி பொதிசெய்தல், தானிய வாணிபம் ஆகியவற்றால் அசுர வளர்ச்சியுற்ற கைத்தொழில் நகரம் சிக்காகோ. அங்கே ஒரு கல்லூரி அமைக்க விழைந்த பப்ரிஸ்து சபையினருக்கு, அமெரிக்க எண்ணெய்ச் சுத்திகரிப்பில் ஏறத்தாழ ஏகபோகம் பெற்றிருந்த ஜோன் டி. றொக்ஃபெல்லர் 1889இல் 6,00,000 டொலர் வழங்க முன்வந்தார். வேறிடங்களிலிருந்து மேலும் 4,00,000 டொலர் திரட்டப்பட வேண்டும் என்பது நிபந்தனை. பெருவணிகரான மார்ஷல் ஃபீல்ட் நிலம் அளித்தார். 1890இல் நிறுவப்பெற்ற பல்கலைக்கழகத்தில் 1892 ஒக்டோபரில் வகுப்புகள் தொடங்கின. 1910 வரையில் றொக்ஃபெல்லர் வழங்கிய தொகை மொத்தம் மூன்றரைக் கோடி டொலர் அளவினதாகும்.

முதல் தலைவரான வில்லியம் ரெயினி ஹார்ப்பர் (அங்கு தலைவர் என்பது நமது உபவேந்தர் பதவியை ஒத்தது) பிற பல்கலைக்கழகங்களின் சிறந்த ஆசிரியர்களை உயர்ந்த சம்பளம் கொடுத்து வரவழைத்தார். மூலதனம் ஒருமுகப்படுவது போலவே புலமையும் ஒருமுகப்படுத்தப்பட்டது எனலாம். இவ்வகையில், தொடக்கத்திலிருந்தே அப்பல்கலைக்கழகத்தின் கீர்த்தி ஆராய்ச்சியாளரின் கீர்த்தியாகவே இருந்தது. பட்டப்படிப்பு மாணவரின் கல்லூரி அதன் ஒரு பகுதி மாத்திரமே. நீண்டகாலம் சிறுபகுதியாகவும் இருந்தது.

இந்நிலைமையை அதன் உள்ளிருந்தே நோக்கியவர் தோர்ஸ்ரைன் வெப்லன். 1892 முதல் 1906 வரை அங்குக் கற்பித்த அவர், ஓய்வு வர்க்கத்தின் கோட்பாடு பற்றிய நூலை 1899இல் வெளியிட்டார். வணிகர்கள் பல்கலைக்கழகங்களை நடத்தும் முறை பற்றிய அவரது நூல் 1918இல் வெளிவந்தது. ஆராய்ச்சிக்கென எழுந்த நிறுவனத்தில் விளம்பரம், கட்டடம், போட்டி, கணக்கேடு ஆகிய வணிக நியமங்கள் எவ்வாறு குடிபுகுகின்றன என்பதை அந்நூல் விபரிக்கின்றது. ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்தின் பின்னரும் புகுமுக மாணவனொருவன் படிக்கத்தக்க கையேடு அதுவே என நான் கருதுகிறேன்.

3

இனிக் கல்வி முறையை நோக்குவோம். நமது மாணவர் முதலில் அறிய வேண்டியது, அங்குப் பட்டப்படிப்பில் மருத்துவ பீடத்துக்கோ சட்ட பீடத்துக்கோ நேரடி அனுமதி இல்லை என்பதாகும். முதற் பட்டத்தின் பின்னரே அப்படிப்புகள் தொடங்கும். மாணவன் குறித்த ஒரு துறைக்கன்றிக் கல்லூரிக்கே அனுமதிக்கப்படுகிறான். சிறப்புப் பாடத்தைப் பின்னர்த் தெரிவுசெய்து கொள்ளலாம். மரபுவழிப் பொறியியற் பீடம் அங்கு இல்லை. 2011இல் தொடங்கிய மூலக்கூற்றுப் பொறியியலே உண்டு. கல்வியாண்டு நான்கு பருவங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அவற்றுள் மூன்றில் மாணவர் வழமையாகக் கற்பர். ஒவ்வொரு பருவமும் ஒன்பது பத்து வாரங்களே நீடிக்கும் ஆதலின், மூன்றாம் வாரத்திலேயே பரீட்சையோ கட்டுரையோ எதிர்ப்படும். ஆண்டிறுதிப் பரீட்சையை நோக்கி மெல்ல நகரும் முறைமைக்குப் பழகியோருக்கு இவ்வேகம் அதிர்ச்சி தரும்.

இக்கல்லூரியின் தனித்தன்மை அதன் பொதுப் பாடத்திட்டமாகும். 1929இல் தமது முப்பதாவது வயதில் தலைவரான றொபேட் மேனார்ட் ஹச்சின்ஸ் இதற்கு உருக்கொடுத்தோருள் முதன்மையானவர். தொழிற் பயிற்சியும் விளையாட்டுக் கேளிக்கையும் கல்லூரிக் கல்வியாகா என வாதிட்ட அவர், 1939இல் பெரும்புகழ் பெற்ற உதைபந்தாட்ட அணியையே கலைத்தார். எந்தத் துறையை நாடுபவனாயினும் மாணவன் இலக்கியம், மெய்யியல், சமூக விஞ்ஞானம், ஒரு நாகரிகத்தின் வரலாறு, கணிதம், பௌதிக உயிரியல் விஞ்ஞானங்கள் ஆகியவற்றைக் கற்க வேண்டும் என்பது இத்திட்டத்தின் சாரம். பட்டத்துக்குரிய 42 பாட அலகுகளில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு இன்றும் இதற்கு உரியது. இருபதுக்குக் குறைந்த மாணவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, பாடநூல்களையன்றி மூலநூல்களையே வாசித்து விவாதிப்பர்.

ஹச்சின்ஸின் கல்விக் கொள்கையில் கருத்துமுதல்வாதமும், ஐரோப்பிய நூல்களே மனிதகுலத்தின் பெருநூல்கள் என்னும் குறுகிய நோக்கும் இருந்தன என்பதில் ஐயமில்லை. அவற்றை நாம் விமர்சித்தல் வேண்டும். ஆயினும், பொருளியல் கற்க வரும் பதினெட்டு வயது மாணவன் ஒருவன் தன் முதலிரண்டு ஆண்டுகளில் அடம் ஸ்மித்தை மாத்திரமன்றி மார்க்ஸையும், வெபரையும், துர்க்கைமையும் மூலத்திலே (மொழிபெயர்ப்பாயினும்) கற்க இடமுள்ளமை அற்ப விடயமன்று. எண்ணெய் ஏகபோகத்தின் செல்வத்தில் எழுந்த மண்டபத்திலே ‘மூலதனம்’ பாடநூலாக வாசிக்கப்படுகிறது. இதனை வெறும் நகைமுரண் என்று ஒதுக்குவோர், ஆளும் வர்க்க நிறுவனங்களுள்ளும் முரண்பாடுகள் தொழிற்படுகின்றன என்ற அடிப்படை உண்மையை மறந்தவராவர்.

இத்திட்டம் நிலையானதன்று என்பதும் அறியத்தக்கது. 1990களின் பிற்பகுதியில், வரவுசெலவு நெருக்கடியைக் காரணங் காட்டி மாணவர் தொகையைப் பெருக்கவும் பொதுப் பாடங்களைக் குறைக்கவும் நிர்வாகம் முனைந்தபோது, ஆசிரியரும் மாணவரும் பழைய மாணவரும் கடுமையாக எதிர்த்தனர். பாடங்கள் குறைந்தன, மாணவர் தொகை பெருகியது. இன்று கல்லூரியில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் பயில்கின்றனர். 2018 முதல் பொருளியலினுள் வணிகப் பொருளியல் எனும் பிரிவும் தொடங்கப்பட்டது.

4

இப்பொழுது கற்பிப்போர் யாவர் என்பதைக் காண்போம். நொபெல் பரிசு பெற்றோரின் நீண்ட பட்டியலைக் கையேடுகள் முன்வைக்கும். விண்பௌதிக அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர் அவர்களுள் ஒருவர். 1937இல் அங்குச் சேர்ந்து, 1983இல் அப்பரிசு பெற்ற அவர், யேர்க்ஸ் வானாய்வு நிலையத்திலிருந்து வாரந்தோறும் நெடுந்தூரம் காரோட்டி வந்து இரு மாணவருக்காகவே வகுப்பு நடத்தினார் என்றும், அவ்விருவரும் 1957இல் நொபெல் பரிசு பெற்ற லீயும் யாங்கும் என்றும் ஒரு கதை வழங்குகின்றது. ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தின் உன்னதத்தை இக்கதை உணர்த்துகிறது. எனினும் லீயும் யாங்கும் கலாநிதிப் பட்டத்துக்குப் பயின்றவர்கள் என்பதை மறத்தலாகாது. பட்டப்படிப்பு மாணவன் இக்கதையைத் தன் எதிர்காலத்தின் சித்திரமாகக் கொள்ளுதல் தவறு.

ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரின் நியமனமும் உயர்வும் பெரிதும் ஆராய்ச்சியையே பொறுத்தன. ஆதலின் முதலாண்டுக் கலந்துரையாடல் வகுப்புகளில் கணிசமானவற்றை நடத்துவோர், குறித்த சில ஆண்டுகளுக்கு நியமனம் பெறும் இளங் கலாநிதிகளும், நிரந்தரமற்ற விரிவுரையாளரும், பட்டப்பின்படிப்பு மாணவருமேயாவர். அவர்களுட் பலர் மிகச் சிறந்த ஆசிரியர்கள். கற்பித்தலிலே பேராசிரியரைக் காட்டிலும் கூடிய ஈடுபாடு உடையோரும் உளர். ஆயின் அவர்களுடைய நிலை பாதுகாப்பற்றது. நிரந்தரமற்ற விரிவுரையாளர் 2015இல் வாக்களித்துத் தொழிற்சங்கம் அமைத்தனர். பட்டப்பின்படிப்பு மாணவரின் போராட்டம் இன்னும் நீண்டது. 2017இல் அவர்கள் சங்கத்துக்கு ஆதரவாக வாக்களித்தும் நிர்வாகம் அங்கீகரிக்க மறுத்தது. கற்பித்தல் என்பது தொழிலன்று, பயிற்சியே என்பது அதன் வாதமாயிருந்தது. 2019இல் வேலைநிறுத்தம் நடந்தது. 2023இல் மீண்டும் பெரும்பான்மை வாக்குப் பெற்று, 2024இல் அவர்கள் முதலாவது ஒப்பந்தத்தை ஏற்படுத்திக்கொண்டனர்.

தன் கட்டுரையைத் திருத்துபவர் யார், அவருக்கு அடுத்த ஆண்டு வேலை உண்டா என்று மாணவன் வினவுவது அநாகரிகமன்று. அவ்வினாவுக்கான விடை அவன் பெறும் கல்வியின் தரத்தை நேரடியாகப் பாதிப்பதாகும்.

5

கட்டணம் குறித்தே புகுமுக மாணவரும் பெற்றோரும் முதலிற் கேட்பர். கற்பித்தற் கட்டணம், விடுதி, உணவு யாவும் சேர்ந்து ஆண்டுக்கு 90,000 டொலரைத் தாண்டுகின்றன. இது அமெரிக்கத் தொழிலாளர் குடும்பமொன்றின் ஆண்டு வருமானத்தையே விழுங்கத்தக்க தொகையாகும். ஆனால் அறிவிக்கப்படும் இத்தொகையை எல்லோரும் செலுத்துவதில்லை. குடும்பத்தின் வருமானமும் சொத்தும் கணக்கிடப்பட்டு, இயலாதோருக்கு உதவித்தொகை வழங்கப்படும். 2018இல் அறிவிக்கப்பட்ட திட்டமொன்று, ஆண்டு வருமானம் 1,25,000 டொலருக்குக் குறைந்த குடும்பத்து மாணவருக்குக் கற்பித்தற் கட்டணத்தை நீக்கியது. ஆகவே, வறிய மாணவனுக்கு இத்தகைய தனியார் பல்கலைக்கழகம் சில வேளைகளில் அரச பல்கலைக்கழகத்தினும் செலவு குறைந்ததாக அமைவதுண்டு. விலையைக் கண்டே அஞ்சி விலகுதல் அறிவுடைமையன்று.

எனினும் இவ்வுதவி உரிமையன்று, கொடை என்பதை மனங்கொள்ளல் வேண்டும். அமெரிக்கப் பிரஜைகளைத் தெரிவுசெய்யும்போது அவர்களின் நிதிநிலை கருத்திற் கொள்ளப்படுவதில்லை என்பது பல்கலைக்கழகத்தின் கூற்று. வெளிநாட்டு மாணவருக்கு இவ்விதி பொருந்தாது. உதவி வேண்டுவோரா அல்லரா என்பது அவர்களது தெரிவைப் பாதிக்கக்கூடும். இலங்கையிலிருந்து விண்ணப்பிக்கும் ஒருவருக்கு இதனினும் முக்கியமான செய்தி வேறில்லை. மேலும், உதவித்தொகையைக் கணிப்பதிலே ஒன்றோடொன்று கலந்து செயற்பட்டுப் போட்டியைத் தவிர்த்தன என்று பதினாறு பல்கலைக்கழகங்கள் மீது 2022இல் வழக்குத் தொடரப்பட்டது. சிக்காகோ 2023இல், தவறை ஒப்புக்கொள்ளாமலே, 1 கோடியே 35 இலட்சம் டொலர் செலுத்த இணங்கி முதலாவதாக அவ்வழக்கிலிருந்து விடுபட்டது.

அனுமதியின் அருமையும் ஆராயத்தக்கது. 1990களில் விண்ணப்பித்தோரில் பாதிக்கு மேற்பட்டோர் இக்கல்லூரியில் அனுமதி பெற்றனர். அண்மை ஆண்டுகளில் அவ்விகிதம் நூற்றுக்கு ஐந்தளவாகச் சுருங்கியுள்ளது. கல்லூரி பத்து மடங்கு சிறந்துவிட்டது என்பது இதன் பொருளன்று. விண்ணப்பங்களைப் பெருக்கும் விளம்பரத்தாலும், அனுமதி கிடைப்பின் கட்டாயம் சேருவேன் என முன்கூட்டியே உறுதியளிப்போருக்கு இடமளிக்கும் முறையாலும், நிராகரிக்கப்படுவோர் தொகை கூடியுள்ளது. நிராகரிப்பு மிகுந்தால் மதிப்பு மிகும். இவ்வாறு உறுதியளிப்பவன் வேறு பல்கலைக்கழகங்கள் தரக்கூடிய உதவித்தொகையை ஒப்பிட்டு நோக்கும் வாய்ப்பை இழக்கிறான். ஒப்பிட வேண்டிய தேவையற்ற வசதி படைத்தோருக்கே அம்முறை அனுகூலமாகும். அருமை என்பது இங்கு இயற்கையானதன்று. உற்பத்தி செய்யப்படும் பண்டமாகும்.

6

பல்கலைக்கழகம் வானத்தில் மிதப்பதில்லை. சிக்காகோவின் தென்பகுதியில், ஹைட் பார்க் என்னும் அயலில் அது அமைந்துள்ளது. முதலாம் உலக யுத்த காலத்திலிருந்து அமெரிக்காவின் தென் மாநிலங்களிலிருந்து பெருந்தொகையான கறுப்பினத் தொழிலாளர் இந்நகரின் தென்பகுதிக்குக் குடிபெயர்ந்தனர். கறுப்பினத்தவருக்கு வீடு விற்பதோ வாடகைக்கு விடுவதோ இல்லை என வெள்ளையர் தம்முள் செய்துகொண்ட உடன்படிக்கைகள் இப்பகுதியெங்கும் பரவின. அவற்றைக் காக்க முயன்ற அயற்புறச் சங்கங்களுக்குப் பல்கலைக்கழகம் 1930களிலும் 1940களிலும் நிதியுதவி செய்தது. 1937இல் இத்தென்பகுதியில் வீடு வாங்கிய கறுப்பினக் குடும்பமொன்று வழக்கு நடத்தி 1940இல் உயர்நீதிமன்றத்தில் வென்றது. அக்குடும்பத்தின் மகளான லொரெய்ன் ஹான்ஸ்பெரி 1959இல் மேடையேற்றிய ‘வெயிலில் ஓர் உலர்திராட்சை’ என்னும் நாடகம் அவ்வனுபவத்தில் வேரூன்றியது. அமெரிக்க நாடக இலக்கியத்தின் தலைசிறந்த படைப்புகளுள் ஒன்றின் சமூகப் பின்னணியில் இப்பல்கலைக்கழகமும் ஒரு பாத்திரமாக உள்ளது என்பது இலக்கிய மாணவர் கருதத்தக்கது.

1950களில் நகரப் புனரமைப்பு என்னும் பெயரில் வறிய குடும்பங்கள் பல அகற்றப்பட்டன. பல்கலைக்கழக மருத்துவமனை 1988இல் வளர்ந்தோருக்கான கடுங்காயச் சிகிச்சைப் பிரிவை மூடியது. துப்பாக்கிச் சூட்டுக்கு இலக்காவோர் மிகுந்த பகுதியில், காயமுற்றோர் தொலைவிலுள்ள மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அயலவரும் மாணவரும் பல ஆண்டுகள் இணைந்து போராடியதன் விளைவாக 2018இல் அது மீண்டும் திறக்கப்பட்டது. பல்கலைக்கழகத்துக்கெனத் தனிக் காவற்படையும் உண்டு. அதன் அதிகாரம் வளவுக்கு வெளியே, பல்கலைக்கழகத்தோடு எத்தொடர்புமற்ற பல்லாயிரம் மக்களின் வீதிகளிலும் செல்லுபடியாகும். கையேடுகள் இதனை மாணவரின் பாதுகாப்பு என்று கூறும். யாரிடமிருந்து பாதுகாப்பு என்னும் வினாவை அங்குச் செல்லும் மாணவன் எழுப்புதல் வேண்டும்.

7

கருத்துச் சுதந்திரத்தின் கோட்டையெனத் தன்னை இப்பல்கலைக்கழகம் அறிவித்துக் கொள்கின்றது. இக்கூற்றை வரலாற்றோடு பொருத்திப் பார்ப்பது பயனுடையது. 1894இல் புல்மன் வேலைநிறுத்த வேளையில் புகையிரதக் கம்பனிகளைக் குறைகூறிய பொருளியலாளர் எட்வர்ட் பெமிஸ் 1895இல் பதவியிழந்தார். அவரது தகைமையே காரணம் என நிர்வாகம் கூறியது. மறுபுறம், 1935இல் சார்ள்ஸ் வோல்கிறீன் என்னும் மருந்துக்கடை முதலாளி, அங்குப் பொதுவுடைமை போதிக்கப்படுவதாகக் குற்றஞ்சாட்டித் தம் மருமகளைக் கல்லூரியிலிருந்து விலக்கியபோது, மாநில செனட் சபையின் விசாரணைக்கு முன்னே ஹச்சின்ஸ் தம் ஆசிரியரை உறுதியுடன் பாதுகாத்தார். குற்றச்சாட்டு நிலைக்கவில்லை, இரண்டாண்டுகளில் அதே முதலாளி 5,50,000 டொலர் நன்கொடை வழங்கினார்.

1967இல் வெளியான கால்வன் அறிக்கை, பல்கலைக்கழகம் விமர்சகரின் இல்லமேயன்றித் தானே விமர்சகராகாது என்னும் நடுநிலைக் கோட்பாட்டை வகுத்தது. தனிமனித ஆய்வாளருக்கு இது ஓரளவு காப்பளித்தது உண்மையே. ஆனால் நிலைநிதியின் முதலீடுகளை இந்நடுநிலை தீண்டுவதில்லை. தென்னாபிரிக்க நிறவெறி ஆட்சிக் காலத்திலும் அங்குத் தொழில் நடத்திய கம்பனிகளிலிருந்து முதலீட்டை விலக்க நிர்வாகம் மறுத்தது. 1969இல் மார்க்ஸியச் சமூகவியலாளரான மார்லின் டிக்ஸன் என்பவருக்கு மறுநியமனம் மறுக்கப்பட்டமையை எதிர்த்து நிர்வாகக் கட்டடத்தில் அமர்ந்த மாணவருள் நாற்பத்திருவர் வெளியேற்றப்பட்டனர். 2024 மே மாதத்தில் பலஸ்தீன மக்களுக்கு ஆதரவாக மாணவர் அமைத்த கூடாரங்களைப் பல்கலைக்கழகக் காவற்படையே அகற்றியது.

அறிவின் பயன்பாடு பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். 1942 டிசம்பர் 2ஆந் திகதி, கலைக்கப்பட்ட உதைபந்தாட்ட அணியின் அரங்குக்குக் கீழே, என்றிக்கோ ஃபேர்மியின் குழுவினர் முதலாவது கட்டுப்படுத்தப்பட்ட அணுச் சங்கிலித் தாக்கத்தை நிகழ்த்தினர். 1956இல் சிலியின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்துடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி இங்குப் பயின்ற பொருளியலாளர், 1973 இராணுவச் சதியின் பின்னர் பினோச்சே ஆட்சியில் சந்தைக் கொள்கைகளைத் திணித்தனர். வகுப்பறைக்கும் உலகுக்கும் இடையே மதிலில்லை என்பதற்கு இவ்விரண்டும் சான்றுகள்.

8

இறுதியாகத் தமிழோடு தொடர்புடைய செய்திக்கு வருவோம். 1958இல் நிறைவேறிய தேசிய பாதுகாப்புக் கல்விச் சட்டத்தின் நிதியால் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆசிய மொழிகளின் கற்பித்தல் வளர்ந்தது. பனிப்போரின் தேவையே அதன் தோற்றுவாய். கோதுமை உதவிக்கு ஈடாக இந்தியா ரூபாயிற் செலுத்திய பணத்தின் ஒரு பகுதியால், 1962 முதல் இந்திய மொழி நூல்கள் வாங்கப்பட்டு அமெரிக்க நூலகங்களுக்கு அனுப்பப்பட்டன. சிக்காகோவின் தமிழ் நூற்றொகுதி இவ்வாறே பெருகியது. 1970இல், அணு உலை இயங்கிய அதே அரங்கின் நிலத்தில் எழுந்த றீகன்ஸ்ரைன் நூலகத்தில் அந்நூல்கள் இடம்பெற்றன.

அந்நூல்களைச் சூழ்ந்து வளர்ந்த புலமை பனிப்போரின் நோக்கங்களைக் கடந்தது. 1960களின் தொடக்கத்தில் அங்குச் சேர்ந்த ஏ. கே. ராமானுஜன், குறுந்தொகைப் பாடல்களின் மொழிபெயர்ப்பை 1967இல் வெளியிட்டார். சங்க இலக்கியம் உலக வாசகரை எட்டியமைக்கு அவரது பணி பெருங்காரணம். அவரது அழகியல் நோக்கில் சங்கச் சமூகத்தின் பொருளாதார அடித்தளம் போதிய இடம்பெறவில்லை என்பது நம் விமர்சனமாகலாம். அவரது சாதனையை அது குறைக்காது. கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வாழ்நாள் முழுதும் சேகரித்த நூல்களையும் சஞ்சிகைகளையும் 1994இல் சிக்காகோப் பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கியது. ஆயினும் அவற்றைக் கடல் கடத்தாது சென்னையிலேயே நூலகமாக நிலைபெறச் செய்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் அச்சு வரலாற்றை ஆராயும் எவரும் இந்நூலகத்துக்குக் கடமைப்பட்டவரே.

இப்புலமை மரபு இன்று எந்நிலையில் உள்ளது? 2024இல் முடிவடைந்த நிதியாண்டில் பல்கலைக்கழகத்தின் பற்றாக்குறை 28 கோடி டொலரைத் தாண்டியது. கடன் 600 கோடி டொலருக்கு மேற்பட்டது. புதிய கட்டடங்களுக்கும் விரிவாக்கத்துக்குமாகப் பல ஆண்டுகளாகப் பெறப்பட்ட கடன் இது. 2025 ஆகஸ்டில், கலை, மனிதப்பண்பியல் பிரிவின் பெரும்பாலான துறைகளில் 2026-27 கல்வியாண்டுக்கான கலாநிதிப் பட்ட மாணவர் அனுமதி நிறுத்திவைக்கப்பட்டது. தென்னாசிய மொழிகள், நாகரிகங்கள் துறை இயங்குவதும் இப்பிரிவிலேயே. கடன் வாங்கியது தமிழும் சமஸ்கிருதமும் கிரேக்கமும் கற்றோரல்லர். ஆனால் சுமை முதலில் இறங்கியது இத்துறைகளின் மீதாகும். பட்டப்பின்படிப்பு மாணவர் இல்லாத துறையில் பட்டப்படிப்பு மாணவருக்குத் தமிழ் கற்பிக்கும் தலைமுறை எங்கிருந்து தோன்றும்?

9

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், தனியார் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தைப் புறக்கணியுங்கள் என்று மாணவருக்குக் கூறுவது என் நோக்கமன்று என்பது புலனாகும். அங்குள்ள நூலகமும், சிறு வகுப்பும், மூலநூற் பயிற்சியும், விவாத மரபும் உண்மையானவை. அவை உழைப்பாளர் உருவாக்கிய உபரியிலிருந்து எழுந்தவை ஆதலின், உழைப்பாளரின் பிள்ளைகளுக்கு அவற்றின் மீது உரிமையும் உண்டு. ஆனால் அங்குள்ள நன்மைகளுட் பல கொடையாளரின் கருணையால் மாத்திரம் வந்தவையல்ல. உதவித்தொகை, தொழிற்சங்கம், மருத்துவமனைப் பிரிவு, ஆசிரியரின் பாதுகாப்பு ஆகியவற்றுட் பெரும்பாலானவை கேட்டும் போராடியும் பெறப்பட்டவை. கேட்போர் இல்லாதபோது இழக்கத்தக்கவை.

எனவே விண்ணப்பிக்கும் மாணவர் சில வினாக்களைக் கைக்கொள்ளல் வேண்டும். எனது உதவித்தொகை நான்கு ஆண்டுகளுக்கும் உறுதியானதா? முதலாண்டில் எனக்குக் கற்பிப்போர் யாவர்? நான் கற்க விரும்பும் துறை நான் வெளியேறும் வரை நிலைத்திருக்குமா? அயலில் வாழ்வோர் இப்பல்கலைக்கழகத்தைப் பற்றி யாது கூறுகின்றனர்? இவற்றுக்கு விடை தேடிச் செல்பவன் அங்குக் கல்வியைத் தொடங்குவதற்கு முன்னரே கற்கத் தொடங்கிவிட்டவனாவான்.